பாயில யாரு ஒக்காந்திருக்கா?

சோறு ஊட்டறப்ப புள்ளைக்குப் போன் காட்டாதேன்னு சொல்ல நான் வரல கண்ணு. சொன்னா உடனே, "அப்ப நீங்களே ஊட்டுங்க தாத்தா"ன்னு தட்டைத் தூக்கி எங்கிட்ட குடுத்துடுவ. எனக்கு முழங்கால் வலி. நான் எழுந்து போனா உன் மாமியாருக்கும் அந்த நேரம் பாத்து முழங்கால் வலி வந்துடும். அதனால போன் இருக்கட்டும். யூடியூப்ல வர்ற குடும்ப வீடியோவுல எதை இந்த நாலு வயசுப் பயலுக்குக் காட்டலாம்னு கேட்ட பாரு, அதுக்கு மட்டும் சொல்றேன்.

நீயே ஒரு கணக்கு வெச்சிருக்க. திண்ணையில இருந்து நானும் பாத்துட்டுதான் இருக்கேன். புருஷன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, ஓரமா ஒரு பாட்டி. கெட்ட வார்த்தை கிடையாது, வெட்டுக்குத்து கிடையாது. பின்னால சுவத்துல சாமி படம், நெத்தியில பட்டை. முடிஞ்சுது விசாரணை. "நல்ல குடும்பம் தாத்தா, பாக்கட்டும்." ஏம்மா, வேங்கிக்கால்ல வாக்கப்பட்டு இத்தினி வருசம் ஆச்சு, இன்னும் பட்டையைப் பாத்து ஆளை எடை போடறியே! பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்துல பட்டை போடாத பிக்பாக்கெட் ஒருத்தனைக் காட்டு, நான் மீசையை எடுத்துடறேன்.

நேர அளவு டாக்டருங்க விஷயம், அதுல நான் மூக்கை நுழைக்கல. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்துல சொல்லிட்டாங்க: ரெண்டு வயசுக்குள்ள திரையே வேணாம், ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், அதுவும் பெரியவங்க கூட இருந்து. எழுபது தாண்டினவனுக்கு எவ்வளவுன்னு அவங்க ஒண்ணும் சொல்லல. அதை நான் எனக்குச் சாதகமா எடுத்துக்கிட்டு ராத்திரி பத்து வரைக்கும் சீரியல் பாக்கறேன்.

நான் வாலிபத்துல தெருக்கூத்துல கட்டியங்காரன் வேஷம் கட்டினவன். செய்யாறு பக்கம் புரிசையில கண்ணப்பத் தம்பிரான் மாதிரி பெரிய வாத்தியாருங்க வாழ்ந்த மாவட்டம் இது. நான் அவங்க வரிசைன்னு பொய் சொல்ல மாட்டேன். சுத்துப்பட்டு ஊருங்கள்ல அக்னி வசந்தத் திருவிழாவுக்கு ஆடற ஒரு ஜமாவுல, வாய்த்துடுக்குப் பய ஒருத்தன் வேணும்னு சேத்துக்கிட்டாங்க. ராத்திரி ஆரம்பிச்சா விடியற வரைக்கும் போகும். மொத வரிசையில கோரைப்பாய். அதுல பொடிசுங்க. களத்துல எறங்கினதும் என் கண்ணு மொதல்ல போற எடம் அந்தப் பாய்தான். பொடிசுங்க முழிச்சிருந்தா ராசாவோட தொப்பை, மந்திரியோட சொறி, குதிரையோட வாலு, இப்படித்தான் என் வாயில வரும். நடுஜாமம் தாண்டி, எல்லாம் சுருண்டு படுத்த அப்பாலதான் பெருசுங்களுக்கான பேச்சு. ஒரு ஊர்ல, ஒரே ஒரு வாண்டு மட்டும் தூங்காம கொட்டக் கொட்ட முழிச்சு என்னையே பாக்குது. மிருதங்கக்காரன் கண்ணு காட்டினான். நாக்கு நுனிக்கு வந்ததை அப்படியே முழுங்கிட்டு, எருமைக்கு வந்த வயித்துப்போக்கைப் பத்திப் பேசி ஒப்பேத்தினேன். பின்வரிசையில இருந்த பெருசுங்க விடிஞ்சும் என்னைத் திட்டினாங்க.

போன்ல ஆடறவனுக்குப் பாய் கண்ணுக்குத் தெரியாது. உன் புள்ள முழிச்சிருக்கானா, சிரிக்கிறானா, மெரண்டு போய் வாயைப் பொளந்துட்டு ஒக்காந்திருக்கானா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவனுக்குத் தெரியறதெல்லாம் வியூ எத்தினி. அப்ப பாயைப் பாக்கற வேலை யாரோடது? நீ சமையக்கட்டுல. உன் புருஷன் அவன் போன்ல. நான் சீரியல்ல. பாயில பய ஒண்டியா ஒக்காந்திருக்கான்.

"கவர்மென்ட்டு எதாவது பாத்துதானே விடுவாங்க"ன்னு நீ கேக்கலாம். சினிமாவுக்குச் சென்சார் இருக்கு. 2023ல சட்டத்தைத் திருத்தி, ஏழு வயசு, பதிமூணு வயசு, பதினாறு வயசுன்னு யுஏ சர்டிபிகேட்டையே மூணாப் பிரிச்சாங்க. காசு கட்டிப் பாக்கற ஓடிடி படத்துக்கும் 2021 விதியில அந்த மாதிரி வயசுக் குறி உண்டு. ஆனா ஒரு அப்பன் தன் வீட்டு ஹால்ல போனைத் தூக்கிப் புடிச்சு, "ஹாய் மக்களே"ன்னு ஆரம்பிச்சா, அதை மொதல்ல பாத்து விடறதுக்கு எந்த ஆபீசும் கிடையாது. யூடியூப்ல அவனையே ஒரு கேள்வி கேப்பாங்க: இது குழந்தைங்களுக்காக எடுத்ததா, இல்லியா? 2019ல அமெரிக்காவுல, புள்ளைங்க பாக்கறதை வேவு பாத்து விளம்பரம் போட்டதுக்காக யூடியூபும் கூகிளும் 17 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு அப்பாலதான் இந்தக் கேள்வி வந்துச்சு. ஆமான்னு சொன்னா, ஆளுக்குத் தக்க விளம்பரம் நின்னுடும். வருமானம் குறையும். கமெண்ட்டும் மூடிடும்.

இப்ப புரியுதா சூட்சுமம்? அடுத்த தடவை அந்த நல்ல குடும்பத்தைப் போட்டா, வெரலால கொஞ்சம் கீழ தள்ளு. கமெண்ட் தொறந்து கெடந்து, "செம ப்ரோ", "அக்கா புடவை எங்க வாங்கினீங்க"ன்னு ஓடுதா? அப்படின்னா அந்த வீடியோவை எடுத்தவங்களே, இது குழந்தைங்களுக்குன்னு எழுதித் தரலன்னு அர்த்தம். எடுத்தவனே பொறுப்பு ஏத்துக்காததை நீ எதுக்கு ஏத்துக்கற? கமெண்ட் மூடியிருந்தா மட்டும் தங்கம்னும் நெனைக்காதே. அவன் ஒரு கட்டத்துல டிக் போட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

கூட்டத்தைப் பாத்தும் ஏமாறாதே. "தாத்தா, இவங்களுக்கு எத்தினி லட்சம் பேர் தெரியுமா"ன்னு அன்னைக்குக் காட்டின. அமெரிக்காவுல டாய் ஃப்ரீக்ஸ்னு ஒரு சானல். அப்பா, ரெண்டு பொண்ணு புள்ளைங்க. 85 லட்சம் பேர் அதைப் பின்தொடர்ந்தாங்க. அந்தப் புள்ளைங்களைப் பயமுறுத்தறதும் அருவருப்புப்பட வைக்கிறதும்தான் அங்க விளையாட்டு. 2017 நவம்பர்ல யூடியூபே அதை இழுத்து மூடுச்சு. அது வரைக்கும் 85 லட்சம் பேரு என்னத்தைப் பாத்தாங்கன்னு கேக்காதே. உன்னை மாதிரியேதான், "குடும்பம் நல்லா இருக்கு"ன்னு பாத்திருப்பாங்க.

எனக்கு ஒரு பழைய வித்தை உண்டு. கூத்துல புதுப் பையன் ஆடறதை வாத்தியார் எப்படிப் பாப்பார்னா, பாட்டை நிறுத்தச் சொல்லிட்டு வெறும் ஆட்டத்தைப் பாப்பார். அப்பால திரும்பி நின்னு, பாட்டை மட்டும் கேப்பார். நீயும் சத்தத்தை அமுக்கிட்டு ஒரு தடவை பாரேன். பின்னணியில போடற டொய்ங் டொய்ங் சத்தமும், வாயில்லாம சிரிக்கிற அந்தக் கூட்டச் சிரிப்பும் போயிடும். வீடியோவுக்குள்ள இருக்கற புள்ளையோட மூஞ்சி மட்டும் நிக்கும். அது யாரைப் பாக்குது? தம்பியைப் பாக்குதா, பொம்மையைப் பாக்குதா, இல்ல கேமராவைப் பாத்துட்டு, அப்பால அம்மா மூஞ்சியைப் பாத்து, "போதுமா"ங்கற மாதிரி நிக்குதா? அழுவற புள்ளைகிட்ட ஓடாம, கேமரா இன்னும் கிட்ட வருதா? கண்ணைத் தொடைக்க ஒரு கை வராம, தம்ப்நெயில்ல அந்த அழுவாச்சிக்குச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டிருக்கா? அப்பால கண்ணை மூடிட்டுக் கேளு. பெரியவங்க கொரல் எப்படி இருக்கு? நீ உன் மாமியார்கிட்ட பேசற கொரல் மாதிரி இருந்தா சானலை மாத்திடு.

பிராங்க்னு ஒண்ணு இருக்கே, அது வேற தொல்லை. போன வாரம் பய என் மூக்குக் கண்ணாடியை அரிசி மூட்டையில ஒளிச்சு வெச்சான். நான் தடவிட்டு நின்னா, தூணுக்குப் பின்னால இருந்து, "பிராங்க்!"குன்னு கத்தறான். நாலு வயசு! அவனுக்கு இது சொல்லித் தந்த குரு நீ போட்டுக் குடுத்த வீடியோதான். அதே அமெரிக்காவுல, மேரிலாந்துல மார்ட்டின்னு ஒரு தம்பதி இதையே பொழப்பா வெச்சிருந்தாங்க. தரையில மையைக் கொட்டினது நீதானேன்னு செய்யாத தப்புக்குப் பையனைக் கத்தித் தீத்துட்டு, அவன் அழுது முடிச்ச பெறவு, சும்மா தமாசுன்னாங்க. 2017ல சின்னது ரெண்டையும் அவங்ககிட்ட இருந்து பிரிச்சாங்க. கோர்ட்டு அஞ்சு வருசம் நன்னடத்தைக் கண்காணிப்புல போட்டுது. அந்தப் புள்ளைங்க பட்டது ஒரு பக்கம். பாத்துட்டிருந்த புள்ளைங்க, ஒருத்தன் அழுதா சிரிக்கணும்னு கத்துக்கிட்டுப் போச்சே, அதுக்கு எந்தக் கோர்ட்டு?

சரி, பிராங்க் இல்ல, அழுவாச்சி இல்ல, ஒழுக்கமான வீடுன்னு வெச்சுக்குவோம். இங்கதான் கொஞ்சம் நிதானமாக் கேளு, இதுல நான் தமாசு பண்ணல. யூட்டா மாநிலத்துல ரூபி ஃபிராங்கின்னு ஒரு அம்மா, ஆறு புள்ளைங்க. வீட்டுல எட்டுப் பேர்ங்கறதால சானல் பேரே எட்டுப் பயணிங்க. 2015ல ஆரம்பிச்சு, ஏறக்குறைய 25 லட்சம் பேர் பாத்தாங்க. பக்தி, கட்டுப்பாடு, வேலை செஞ்சா சோறு, இதுதான் அவங்க சரக்கு. உலகத்துல பாதித் தாய்மாருக்குப் புள்ள வளக்கப் பாடம் எடுத்தவங்க. 2020ல ஒரு வீடியோவுல, மூத்த பையன் தண்டனையா ஏழு மாசம் கட்டில் இல்லாம மெத்துன்னு ஒரு மூட்டை மேல படுத்துத் தூங்கினதா அவனே சொன்னான். அன்னைக்குத்தான் நெறைய பேருக்கு முழிப்பு வந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல கடைசிப் பையன், பன்னெண்டு வயசு, ஜன்னல் வழியா எறங்கிப் போய் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, சோறும் தண்ணியும் கேட்டான். அம்மாவும் கூட இருந்த தோழியும் கைது. 2024 பிப்ரவரியில தண்டனை: நாலு குத்தத்துக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வருசத்துல இருந்து பதினஞ்சு வருசம், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு.

மூத்த பொண்ணு ஷாரி அதே வருசம் அக்டோபர்ல அந்த மாநிலச் சட்டசபைக் கமிட்டி முன்னால போய், குடும்ப வீடியோ எடுக்கறதுல நேர்மையானதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொல்லிட்டு வந்தா. அந்தப் பொண்ணு பட்டவ, அவ அப்படித்தான் சொல்லுவா. நான் அவ்வளவு தூரம் போகல. ஆனா அந்த வீடியோக்களைப் போட்டு, சத்தத்தை அமுக்கிப் பாத்தாலும் தப்பு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே, அதுதான் என்னைக் கொடையுது. தண்டனையைக் கதையாச் சொல்ற வீடு எதுன்னாலும், அது எவ்வளவு நாகரிகமாச் சொன்னாலும், பயலுக்கு வேணாம். குளிக்கிறது, காய்ச்சல்ல கெடக்கறது, பாயில மூத்திரம் போனது, பரீட்சையில மார்க் கொறஞ்சது, இதையெல்லாம் எடுத்துப் போடறவங்க வீடும் வேணாம். உன் புருஷன் லுங்கி அவுந்து கெடக்கறதை எவனாவது எடுத்துப் போட்டா நீ சும்மா இருப்பியா?

நம்ம பக்கமும் கொறைச்சல் இல்ல. சென்னையில இர்பான்னு சாப்பாட்டு வீடியோ போடறவர், 2024 மே மாசம், பொறக்கப் போறது ஆணா பொண்ணான்னு துபாய்ல ஸ்கேன் பண்ணி அதை வீடியோவாப் போட்டார். நம்ம நாட்டுல 1994 சட்டப்படி அது கூடாது. சுகாதாரத் துறை நோட்டீஸ் விட்டுது, மன்னிப்புக் கேட்டு எடுத்துட்டார். அக்டோபர்ல பாத்தா, ஆபரேஷன் தியேட்டர்ல அவரே தொப்புள் கொடி வெட்டற வீடியோ. ஆஸ்பத்திரியைப் பத்து நாள் நடத்தக் கூடாதுன்னு நிறுத்தி, அபராதமும் போட்டாங்க. அந்தக் கொழந்த கண்ணு தொறந்து இந்த ஒலகத்தைப் பாக்கறதுக்கு முன்னால ஒலகம் அதைப் பாத்து லைக் போட்டுடுச்சு. அந்த வீடியோவைப் பக்கத்து வீட்டுல யு.கே.ஜி. புள்ளைக்குச் சோறு ஊட்டறப்ப ஓட விட்டிருந்தாங்க. ஏன்னு கேட்டா, பாப்பா பொறக்கற வீடியோதானேன்னாங்க.

கூத்து நின்ன அப்பால நான் கலெக்டர் ஆபீசு வெளிய மரத்தடியில மனு எழுதற தொழிலுக்கு வந்தவன்தானே. 1989ல மாவட்டம் பிரிஞ்சதும் வேலூருக்கு அலையறது போச்சு, கலெக்டரே நம்ம வேங்கிக்காலுக்கு வந்துட்டார்னு எனக்கு ஒரு பொழப்பு கெடச்சுது. திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல பட்டா மாத்தறது, விதவைப் பென்ஷன், ஏரித் தண்ணி, பாதைத் தகராறு, எல்லாம் எழுதியாச்சு. ஒரே ஒரு மனு மட்டும் எவனும் வந்து எழுதச் சொன்னதில்ல. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல திருத்தினாங்க, 2017ல விதி போட்டாங்க. பதினாலு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளையைப் படத்துல, டிவியில, விளம்பரத்துல நடிக்க வெக்கணும்னா, எடுக்கறவன் மாவட்ட மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கணும். அதாவது நம்ம கலெக்டர். அதுக்குன்னு படிவம் சி இருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, மூணு மணி நேரத்துக்கு மேல இடைவிடாம கூடாது, புள்ளைக்கு இஷ்டமில்லாம கூடவே கூடாது. புள்ள சம்பாதிக்கறதுல கொறஞ்சது இருபது சதவீதம் அது பேர்ல பேங்க்ல வைப்பு நிதியாப் போடணும், வயசுக்கு வந்ததும் எடுத்துக்கும்.

ஹால்ல போனைப் புடிச்ச அப்பன் 'தயாரிப்பாளர்'ல சேத்தியான்னு கேட்டா, ரெண்டு வக்கீலுங்க மூணு பதில் சொல்லுவாங்க. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம் இழுத்தடிக்காம, வீட்டு வீடியோவுக்கே தனியாச் சட்டம் போட்டு 2024 ஜூலை 1ல இருந்து புள்ளைக்குப் பங்கு எடுத்து வெக்கணும்னுட்டாங்க. நீ எதுக்கு இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்னா, வீடியோ பாக்கறப்ப மனசுல ஒரு கணக்கு ஓடணும். தெனம் ஒரு வீடியோ போடற வீட்டுல அந்தப் புள்ள எப்ப விளையாடுது? அது விளையாடறதே வேலைதானே அங்க. கூலி வாங்காம வேலை பாக்கற ஒரு புள்ளையை, நம்ம புள்ள சோறு எறங்கறதுக்காகப் பாத்துட்டு இருக்கான்.

பொட்டி பிரிக்கிற வீடியோ பத்தி ஒரே பேச்சு. காசு வாங்கிட்டுப் பொருளைக் காட்டினா விளம்பரம்னு வெளிப்படையாப் போடணும்னு 2023ல நுகர்வோர் துறையே சொல்லியாச்சு. நாலு வயசுக்காரனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. நீதான் படிக்கணும். படிக்காம விட்டதோட விலை உன் புருஷன் ஆன்லைன்ல வாங்கின அந்த டைனோசர் முட்டை.

அப்ப எதைத்தான் காட்டறதுன்னு மொறைக்காதே. சென்னையில ஒரு அப்பா தன் பொண்ணுக்காக 2013ல ஆரம்பிச்சதுதான் சூச்சூ டிவி. பாட்டு, பொம்மை, அவ்வளவுதான். நெசப் புள்ளையை யாரும் வேலை வாங்கல. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவரும் பேரனுங்களும் வயக்காட்டுல பெரிய அண்டாவுல சமைக்கிறாங்களே, வில்லேஜ் குக்கிங், 2021ல ஒரு கோடி பேரைத் தொட்டவங்க, அதுவும் எனக்குப் புடிக்கும். வம்பு கிடையாது, அழ வெக்கிறது கிடையாது, கடைசியில வயசானவங்களுக்குப் பந்தி. கோழி உரிக்கறதைப் புள்ள பாக்கலாமாங்கறது உங்க வீட்டு வழக்கம். நம்ம வீட்டுல ஞாயித்துக்கெழமை அவன் பாக்கறதுதான், மல்லாட்டைத் தோல் உரிக்கற மாதிரி அவனே இறக்கையைப் பிச்சுத் தர்றான். ஒண்ணு மட்டும் செய். தானா அடுத்தது ஓடற பொத்தானை அணைச்சு வெய். நீ பாத்துத் தேர்ந்து போட்ட மொத வீடியோ நல்லாத்தான் இருக்கும். மூணாவதா வர்றது யாரு தேர்ந்தது? நீ இல்ல. அப்ப நீ கொழம்பு தாளிச்சுட்டு இருப்ப. புது சானல்னா மொதல் வீடியோ முழுசையும் அவனோட ஒக்காந்து நீயும் பாரு. திரையைப் பாக்க வேணாம், அவன் மூஞ்சியைப் பாரு.

இம்மாம் பேசிட்டேன், உன் புருஷன் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு இருக்கான். எனக்கு விஷயம் வந்தாச்சு கண்ணா. வர்ற பௌர்ணமிக்குப் பயலுக்குச் சின்னதா வேட்டி கட்டி, பட்டை போட்டு, "நாலு வயசில் கிரிவலம்"னு வீடியோ எடுத்துச் சானல் ஆரம்பிக்கப் போறியாமே. தாராளமா எடு. பதினாலு கிலோமீட்டர். அவன் காலுக்கு அஞ்சு மணி நேரத்துல முடியாது, மூணு மணிக்கு ஒருக்கா எங்கயாவது ஒக்கார வெச்சாகணும், "வேணாம் ப்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அத்தோட தூக்கிட்டு வந்துடணும். திங்கக்கிழமை காலையில மரத்தடிக்கு வா, படிவம் சி நானே எழுதித் தர்றேன். அம்பது ரூபா. பேரன்னு கொறைக்க மாட்டேன். அதுல பத்து ரூபாயைப் பயல் பேர்ல போட்டுடறேன்.